நேரமில்லாத இல்லமும் அதிதி விரதமும்

இல்லறத்தாருக்கென வகுக்கப்பட்ட விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. இவற்றுள் இறுதியில் நிற்பது அதிதி சம்விபாகம். தனக்கென அமைத்துக்கொண்டவற்றில் ஒரு பகுதியை வந்தவர்க்கு முறைப்படி பகிர்ந்தளித்தல் என்பது இதன் பொருள். வருகைக்கு நாள் குறிக்காதவர் அதிதி. நாளும் பொழுதும் முன்கூட்டியே நிரம்பிவிட்ட இக்காலத்து இல்லங்களில் அத்தகையவருக்கு இடம் உண்டா? இவ்வினா இச்சித்திரை மாதத்தில் நம் இல்லத்து வாயிலிலேயே வந்து நின்றது.

சென்னையில் நம் மகளுடன் பணிபுரியும் ஓர் அம்மையாருக்கு ஒன்பது வயதில் ஒரு புதல்வன் இருக்கிறான். தந்தை இல்லை. காலை எட்டு மணிக்குப் பணிக்குச் செல்லும் தாய் இரவு ஏழு மணிக்கே வீடு திரும்புகிறார். பள்ளி விடுமுறையில் அச்சிறுவன் பகல் முழுவதும் மூன்றாம் மாடியில், பூட்டிய கதவுக்குள், கைப்பேசியே துணையாக இருக்கிறான். கோடையில் சில நாள்கள் அவனை நம் ஊரில் வைத்துக்கொள்ள இயலுமா என மகள் தொலைபேசியில் கேட்டாள். அவன் நம் சமயத்தவன் அல்லன். நமக்கு உறவினனும் அல்லன்.

நம் ஊர் வந்தவாசியை அடுத்த சிற்றூர். சித்திரை, வைகாசி என்றால் நகரத்தார்க்கு விடுமுறை. நமக்கோ நவரை நெல் அறுவடையும், அடுத்துச் சொர்ணவாரிக்கு நிலத்தை ஆயத்தம் செய்தலும் ஒருங்கே வரும் காலம். ஆள் கிடைப்பது அரிது. மகனும் மருமகளும் பணிக்குச் செல்கின்றனர். நம் அன்னையார் அண்மையில்தான் கண் அறுவை செய்துகொண்டார். கொல்லையில் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறு இருக்கிறது. இவற்றையெல்லாம் எண்ணி, "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்னும் விடையை நாம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1877-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் நெரிசல் மிக்க குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைச் சிறுவர்களைக் கோடையில் தம் இல்லங்களில் வைத்துப் பேணுமாறு, பென்சில்வேனியா மாநிலத்தின் ஷெர்மன் என்னும் சிற்றூரில் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற கிறித்தவப் போதகர் தம் சபையாரை வேண்டினார். அவர்களும் இசைந்தனர். அம்முயற்சியே 'ஃபிரெஷ் ஏர் ஃபண்ட்' என்னும் அமைப்பாக வளர்ந்து இன்றும் நடைபெறுகிறது. எந்நாட்டுச் சிற்றூரிலும் கோடை ஓய்வுக்காலம் அன்று. நேரம் மிகுந்தவர் மட்டுமே கதவைத் திறக்கலாம் என்றிருந்தால் அத்தகைய முயற்சி எங்கும் வேரூன்றியிராது.

எனினும், கதவைத் திறந்துவிட்டாலே அறம் நிறைவேறிவிடுமா? இவ்விடத்தில் நம் பழைய பிழை ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் மகன் ஒருவனை ஒரு மாதம் வைத்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டோம். வேளைதோறும் உணவு தவறவில்லை. படுக்க நல்ல இடமும் கொடுத்தோம். பின்னர் அவனைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்திவிட்டு அவரவர் வேலைக்குச் சென்றோம். மூன்றாம் நாள் தாயுடன் பேச வேண்டும் என்றான். நான்காம் நாள் அவனைப் பேருந்தில் அழைத்துச் சென்று வீட்டில் விட்டு வந்தோம். "பிள்ளைக்கு ஊர் பிடிக்கவில்லை" என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் அதிதி சம்விபாகத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று பரவ்யபதேசம். தான் செய்ய வேண்டியதைப் பிறர்மேல் சுமத்துதல். மற்றொன்று காலாதிக்ரமம், உரிய வேளை கடந்தபின் அளித்தல். விரதத்தின் நேரிய பொருளில் அதிதி என்பவர் முனிவரே என்பதையும், சிறுவனுக்குச் செய்வது கருணாதானத்துள் அடங்கும் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் முனிவர்க்குக் குற்றமாவது குழந்தைக்கு மட்டும் குணமாகிவிடாது. தொலைக்காட்சியிடம் பிள்ளையை ஒப்படைத்தது பரவ்யபதேசம். அவன் கண் கலங்கியபின் அருகில் சென்று அமர்ந்தது காலாதிக்ரமம்.

தானங்களை ஆகாரம், ஒளடதம், சாஸ்திரம், அபயம் என நான்காகக் கூறுவது வழக்கம். சமந்தபத்திர ஆசாரியரோ இரத்தினகரண்டகத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என வகுக்கிறார். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து எண்ணும்போது நமக்கு ஒன்று புலப்படுகிறது. அபயம் இல்லாத உறையுள் வெறும் கூரையே. மூன்றாம் மாடியின் பூட்டிய கதவுக்குள் இருப்பவனுக்கும் கூரை உண்டு. நம் இல்லத்திலும் அவன் தனித்தே இருப்பானாயின், ஒரு தனிமையிலிருந்து மற்றொரு தனிமைக்கு அவனை மாற்றியவர்களாவோம். இம்சைக்கு அடிப்படை பிரமாதம், அதாவது அசட்டை, என்று ஆகமம் கூறுவதை இங்கு மறத்தலாகாது. வேலை மிகுதி குற்றமன்று. அதைக் காரணமாக்கி அருகில் இருக்கும் உயிரைக் காணாதிருத்தலே குற்றம்.

இவ்வாறு இருபுறமும் எண்ணிக்கொண்டிருந்தபோது நம் அன்னையார் ஒன்று கேட்டார்: "பொழுது சாயுமுன் எல்லாரும் கூடி உண்டு எத்தனை நாளாயிற்று? அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை என்கிறீர்கள். நமக்கு இருக்கிறதா?"

நம்மால் விடை கூற இயலவில்லை. இரவுண்ணாமை நம் குலத்தின் அடையாளம். அது உயிர்க்கொலையைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் நாள்தோறும் ஒரே வேளையில் குடும்பம் முழுவதையும் ஓரிடத்தில் அமர்த்தும் பயனையும் அது தந்துவந்தது. நாம் விரதத்தைக் கைவிடவில்லை. ஆயினும் ஒருவர் நான்கு மணிக்கும், ஒருவர் ஐந்தரைக்கும், பணியிலிருந்து திரும்புவோர் வழியிலுமாக உண்டு முடிக்கிறோம். விரதம் இருக்கிறது, கூடுதல் இல்லை. குழந்தைக்குத் தேவையானது நம் பகற்பொழுது முழுவதும் அன்று. தான் எதிர்பார்க்கத்தக்க ஒரு வேளையும், தன்னைத் தேடும் ஒருவரும் இருந்தால் அவன் அஞ்சமாட்டான். அவ்வேளையைத் தேடியபோதுதான் நாமே அதை இழந்திருப்பது தெரிந்தது.

ஆகவே இசைந்தோம். ஒரு மாதம் என்று பெருமைக்குச் சொல்லாமல், நம்மால் இயன்ற பதினைந்து நாள்கள் என்று சொன்னோம். கிணற்றுக்கு இரும்பு வலை பொருத்தினோம். முட்டையும் கிழங்கும் நம் அடுக்களையில் இல்லை என்பதை முன்னதாகவே தாய்க்குத் தெரிவித்து, சிறுவனுக்கு அது சம்மதமா என அவனையே கேட்கச் சொன்னோம். அவன் வழிபாடு அவனுடையது. அதில் நாம் தலையிடுவதில்லை. களத்திற்கு நம்முடன் வரலாம்; ஆனால் ஏவல் செய்யும் ஆளாக அவனைக் கொள்ளலாகாது. ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பொறுப்பானவர் இன்னார் என முதல்நாளே குறித்துக்கொள்வது என முடிவாயிற்று.

எல்லா இல்லமும் இவ்வாறே இசைய வேண்டும் என நாம் கூறவில்லை. நோயாளியைப் பேணுவோரும், பார்த்துக்கொள்ள ஒருவருமே இல்லாதோரும் இயலாது என்று உடனே உண்மை உரைப்பது குற்றமன்று; ஏற்றுக்கொண்டு புறக்கணிப்பதினும் அது மேலானது. ஆனால் "நேரமில்லை" என்னும் சொல் வாயில் எழும்போது, அது உண்மையா, பழக்கமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

சிறுவன் வர இன்னும் மூன்று நாள்கள் உள்ளன. மருமகள் பணியிலிருந்து ஒரு பேருந்து முன்னதாகப் புறப்பட இசைவு பெற்றிருக்கிறாள். நேற்று மாலை ஆறு மணிக்கு, கதிரவன் மறையுமுன், நம் இல்லத்தில் ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம். வரவிருக்கும் சிறுவனுக்கு நாம் இன்னும் எதுவும் அளிக்கவில்லை. அவனால் நாம் பெற்றது மட்டும் தொடங்கிவிட்டது.

அறம் வளர்க!