குற்றமற்றவருக்கும் சோதனை ஏன்?



விமான நிலையத்தில் மடிக்கணினிப் பையைத் திறக்கச் சொன்னதும், "நான் என்ன குற்றவாளியா?" என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். இக்கேள்வி நியாயமானதா?

மடிக்கணினியின் மின்கலமும் நெருக்கமான பாகங்களும் எக்ஸ்ரே கதிரை மறைக்கும். அடியில் இருப்பது படத்தில் தெளிவாய்த் தெரியாது. ஆகையால் அதைத் தனித்தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். முப்பரிமாணப் படம் எடுக்கும் புதிய கருவியுள்ள சில நிலையங்களில் அதை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. இதில் நம் மானம் எங்கே குறைந்தது?

2006 ஆகஸ்டில், பானப் புட்டிகளில் திரவ வெடிமருந்தை ஒளித்து, லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. புட்டியைக் கண்டு உள்ளிருப்பதை அறியமுடியாததுபோல, முகத்தைக் கண்டு மனத்தை அறியமுடியாது. முகம், உடை, பெயர் பார்த்துச் சிலரை மட்டும் நிறுத்துவதே அநீதி. யாவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதி. "என்னை விட்டு அவரைச் சோதியுங்கள்" என்று எண்ணுகிறவர், தாம் பொறுக்காத அவமானத்தைப் பிறர் தலையில் ஏற்றுகிறார்.

சோதிப்பவருக்கும் கடமை உண்டு: கடுஞ்சொல் கூறவோ, ஏளனம் செய்யவோ எச்சட்டமும் அவருக்கு உரிமை தரவில்லை.

ஆகவே வரிசையில் நிற்கும்போதே பையைத் திறந்து ஆயத்தமாயிருங்கள். முறுமுறுக்காதீர்கள். சட்டத்தை எப்படி மதிப்பது என்பதை உங்கள் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.