ஆடையும் ஆண்மையும்

ஆடவன் ஒருவன் பாவாடை அணிந்து தெருவிலே நடந்தால் நாம் நகைக்கிறோம். நகைப்போடு நின்றுவிட்டால் நல்லது; அவன்மீது வசையும் அடியும் விழுவதும் உண்டு. ஆனால், ஸ்கொட்லாந்துப் படைவீரன் ஒருவன் மடிப்புகள் நிறைந்த கில்ட்டை முழங்காலளவிற்கு அணிந்து, பைக்குழல் இசை முழங்க அணிவகுத்துச் செல்லும்போது நாம் நகைப்பதில்லை. அவனை வீரத்தின் சின்னமாகவே காண்கிறோம். இரண்டும் இடுப்பைச் சுற்றித் தொங்கும் துணிகளே. ஒன்று நகைப்பையும் மற்றையது மதிப்பையும் பெறுவதேன்? அற்பமானதாகத் தோன்றும் இவ்வினாவை இறுதிவரை பின்தொடர்வோமாயின், அது மிக முக்கியமானதோர் ஒழுக்கப் பிரச்சினையின் முன்னே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

முதலிற் கில்ட்டின் வரலாற்றை நோக்குவோம். ஸ்கொட்லாந்தின் வட மலைநாட்டு மக்கள் நீண்ட கம்பளித் துணியொன்றை இடுப்பிலே மடித்துக் கட்டி, எஞ்சிய பகுதியைத் தோளிலே போர்த்திக்கொண்டனர். பகலில் ஆடையாகவும் இரவிற் போர்வையாகவும் பயன்பட்ட அத்துணி, ஈரமும் குளிரும் மிக்க மலைகளில் மந்தை மேய்த்துத் திரிந்தோருக்கு ஏற்றதாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அதன் கீழ்ப்பகுதி மட்டும் தனியாடையாக வழங்கத் தொடங்கியது. இன்று நாம் காணும் கில்ட் அதன் வழிவந்ததே.

1745 இல் ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் பெயரால் எழுந்த கிளர்ச்சியில் மலைநாட்டுக் குலத்தார் பலர் சேர்ந்தனர். 1746 ஏப்ரல் மாதத்திற் கலொடன் போர்க்களத்தில் அக்கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதே ஆண்டிற் பிரித்தானிய நாடாளுமன்றம் மலைநாட்டு ஆடையைத் தடைசெய்யும் சட்டமொன்றை இயற்றிற்று. ஆடவனோ சிறுவனோ அதனை அணிந்தால் முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால், கடல் கடந்த குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். ஆயினும், மன்னரின் படையிலே சேவிப்போருக்கு இத்தடை இல்லை. ஆட்சியை எதிர்த்தவன் உடுத்தாற் குற்றமாகக் கருதப்பட்ட அதே துணி, ஆட்சிக்காகச் சாகப் போகிறவன் உடுத்தாற் சீருடையாகியது. 1782 இலேயே இச்சட்டம் நீக்கப்பட்டது.

பின்னர் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோ நகருக்கு வந்தபோது, நாவலாசிரியர் வோல்ட்டர் ஸ்கொட் முன்னின்று நடத்திய வரவேற்பிலே, மன்னனே கில்ட் அணிந்து காட்சியளித்தான். அவனுடைய முன்னோர் எந்த உடைக்காக மக்களைச் சிறையிட்டனரோ அந்த உடை இப்போது அரச விழாவின் அலங்காரமாயிற்று. அக்காலத்திலே அவ்வுடைக்குரிய மக்கள் எந்நிலையில் இருந்தனர்? நிலப்பிரபுக்கள் அவர்களைக் குடியெழுப்பி, அவர்கள் உழுத மண்ணைச் செம்மறியாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டிருந்தனர். சதர்லாந்துச் சீமாட்டியின் நிலங்களிலிருந்து 1814 முதல் 1820 வரையிலான காலத்தில் 15,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர் என்றும், 1825 அளவில் அவர்களது இடத்தை 131,000 ஆடுகள் நிரப்பின என்றும் மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே குறிப்பிடுகிறார். மக்கள் துரத்தப்பட்டனர்; அவர்களின் உடை மட்டும் மாளிகைக்குள் அழைக்கப்பட்டது.

இன்று ஸ்கொட்லாந்து மக்கள் திருமண வீட்டிலும் உதைபந்தாட்டத் திடலிலும் கில்ட்டை உவப்புடன் அணிகின்றனர். அது அவர்களுடையது, அதை யாரும் குறைகூற வேண்டியதில்லை. நாம் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே. கில்ட்டுக்கு வாய்த்த ஆண்மைப் பொலிவு அதன் நூலிலோ மடிப்பிலோ இருந்து பிறந்ததன்று. படையும் பிரபுத்துவமும் அதற்கு அப்பொலிவை வழங்கின. அதிகாரம் தன் பக்கத்தில் நிற்கும்வரை ஆடவன் பாவாடை அணிந்தாலும் ஆடவனாகவே மதிக்கப்படுவான். அவ்வாறாயின், அதிகாரத்தின் துணையில்லாத ஆடவன் பாவாடை அணியும்போது அவன் எதை இழந்துவிட்டதாக நாம் நகைக்கிறோம்?

விடையைக் காண்பதற்கு மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 1800 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பாரிஸ் நகரப் பொலிஸ் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது. ஆணுடை அணிய விரும்பும் பெண் பொலிஸ் தலைமையகத்திற் சமூகமளித்து அனுமதி பெறல் வேண்டும் என்பதே அவ்வாணை. 1892 இலும் 1909 இலும் அது சற்றே தளர்த்தப்பட்டது. துவிச்சக்கரவண்டியின் கைபிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண் காற்சட்டை அணியலாம் என்றாயிற்று. அவ்வாணைக்கு இனிச் சட்ட வலுவில்லை என்று பிரெஞ்சு அரசாங்கம் வெளிப்படையாக அறிவித்தது 2013 இலேதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். பெண் காற்சட்டையை நாடியபோது, தனக்கு உரியதல்லாத உயர்வை அவள் பறிக்கிறாள் என ஆட்சி அஞ்சியது. ஆண் பாவாடையை நாடும்போது, தனக்கு உரிய உயர்விலிருந்து அவன் வீழ்ந்துவிட்டான் எனச் சமூகம் எள்ளுகிறது. முன்னையதில் அச்சம், பின்னையதில் இகழ்ச்சி. ஏறுவதென்றும் இறங்குவதென்றும் இவற்றை நாம் உணர்கிறோமாயின், மேலே ஒருவரையும் கீழே ஒருவரையும் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதே பொருள். பாவாடை அணிந்த ஆணைப் பார்த்து எழும் நகைப்பு உண்மையில் அவனைக் குறித்ததன்று. அவன் யாரைப் போல ஆகிவிட்டான் எனக் கருதுகிறோமோ அவளைக் குறித்ததே அது.

இக்கூற்றை மிகையென்று கருதுவோருக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2013 ஏப்ரல் மாதத்தில் ஈரானின் குர்தியப் பகுதியிலுள்ள மரிவான் நகரிலே, குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட ஆடவனொருவன் குர்தியப் பெண்களின் சிவப்பு உடை அணிவிக்கப்பட்டுத் தெருவழியே கொண்டு செல்லப்பட்டான். நீதிமன்றம் விதித்த தண்டனை அது. மரிவான் நகரப் பெண்கள் அதனை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். குர்திய ஆடவர் பலர் தாமே பெண்ணுடை தரித்துப் புகைப்படம் எடுத்து உலகறிய வெளியிட்டனர். பெண்ணாயிருத்தல் எவருக்கும் தண்டனையாகாது என்பதே அவர்கள் கூறியதன் சாரம்.

அந்நீதிமன்றத்தைப் பழிக்குமுன் நம் வீட்டு முற்றத்தையும் பார்த்துக்கொள்வோம். எதிரியைக் கோழையென்று காட்டச் சேலையும் வளையலும் அனுப்பிவைக்கும் வழக்கம் நமது அரசியலுக்குப் புதியதா? 'சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இரு' என்பது நமது மேடைகளிற் கைதட்டல் பெறும் வசைகளுள் ஒன்று. புரட்சி பேசும் மேடைகளும் இதற்கு விலக்கல்ல. அக்கூட்டத்திலே சேலை கட்டிய தோழியர் அமர்ந்திருப்பதைப் பேசுபவரும் மறந்துவிடுகிறார், கைதட்டுபவரும் மறந்துவிடுகின்றனர்.

தொழிலாளர் வாழ்விலும் இப்பிரச்சினை தலைகாட்டியுள்ளது. 2013 ஆம் ஆண்டுக் கோடையிற் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரப் புகைவண்டிச் சாரதிகள் சிலர் பாவாடை அணிந்து வேலைக்குச் சென்றனர். நிறுவனத்தின் உடைவிதி அரைக் காற்சட்டையை அனுமதிக்கவில்லை, பாவாடையை அனுமதித்தது. 2017 ஜூன் மாத வெப்பத்திற் பிரான்சின் நாந்த் நகரப் பேருந்துச் சாரதிகளும் இதே வழியைக் கைக்கொண்டனர். அதே மாதத்தில் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரிற் பாடசாலைச் சிறுவர் ஏறத்தாழ முப்பது பேர் சகோதரியரிடமும் தோழியரிடமும் பாவாடை இரவல் வாங்கி அணிந்து சென்றனர். பின்னர் நாந்திலும் எக்ஸெற்றரிலும் அரைக் காற்சட்டைக்கு வழி திறந்தது.

உழைப்பவரின் உடலை எத்துணி மூடவேண்டும் என்பதை உழைப்பின் தேவை அறியாதவர் விதிப்பது அநீதி. ஆதலின் அச்சாரதிகளின் வெற்றி நமக்கு உவப்பானதே. 2022 நவம்பரில் இலங்கை ஆசிரியைகள் சிலர் சேலையை விடுத்து இலகுவான உடையிற் பாடசாலைக்குச் சென்றபோது எழுந்த எதிர்ப்பைக் கண்ட நமக்கு, அவர்களுடைய போராட்டம் அந்நியமானதும் அன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அவர்கள் ஏந்திய ஆயுதம் கூர்மையாயிருந்தது ஏன்? ஆடவன் பாவாடை அணிவது வெட்கம் என்று எல்லோரும் எண்ணியதனாலன்றோ பத்திரிகைகள் கூடின, நிருவாகம் நாணியது? பெண்ணின் தாழ்வு தீட்டிக் கொடுத்த கூர்மை அது. வெற்றி கிடைத்ததும் பாவாடை களையப்பட்டது. தாழ்வு இருந்தவிடத்திலேயே இருந்தது. கைக்கு எட்டிய ஆயுதத்தை எடுத்த தொழிலாளியை நாம் குறைகூற மாட்டோம். எனினும் அவ்வெற்றி எங்கே நின்றுவிட்டது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்கப்பாலும் சென்றோர் உளர். 2015 பெப்ரவரியிலே துருக்கியில் ஒரு பல்கலைக்கழக மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டதைக் கண்டித்து, இஸ்தான்புல் நகர ஆடவர் குறும்பாவாடை அணிந்து ஊர்வலம் சென்றனர். பெண் அணியும் பாவாடையை அவளுக்கு இழைக்கப்படும் வன்முறையின் காரணமாகக் காட்டும் வாதத்தை அவர்கள் தம் உடலாலேயே மறுத்தனர். 2020 இன் பிற்பகுதியில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில், வகுப்புக்குப் பாவாடை அணிந்து சென்ற மாணவனொருவன் அதன்பொருட்டுத் தான் உளவியலாளரிடம் அனுப்பப்பட்டதாக வெளியிட்டான். அவனுக்கு ஆதரவாகப் பல பாடசாலைகளின் மாணவர் பாவாடை அணிந்து சென்றனர். ஆசிரியர் சிலர் பாவாடையுடனேயே பாடம் நடத்தினர். அவர்கள் அரைக் காற்சட்டை கேட்கவில்லை. தமக்கென எதையும் கேட்கவில்லை. தனித்து நின்றவனுக்கு விழவிருந்த நகைப்பைத் தம்மீதும் விழச் செய்து பகிர்ந்துகொண்டனர். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இச்செயலைச் சற்று நின்று நினைத்துப் பார்த்தல் தகும்.

'இவையெல்லாம் மேனாட்டுப் பித்து. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை' என்று சிலர் கூறக்கூடும். சாரமும் வேட்டியும் உடுத்தும் சமுதாயம் இவ்வாறு கூறுவது நகைப்புக்கிடமானது. கால்களைத் தனித்தனியே மூடாது இடுப்பிலிருந்து தொங்கும் ஆடையே நம் ஆடவரின் பழைய ஆடை. கால்சட்டையே ஆண்மை என்ற பாடத்தை நாம் கற்றது ஆங்கில ஆட்சியின் கந்தோர்களிலன்றோ? அப்பாடம் இன்னும் மறக்கப்படவில்லை. 2014 இற் சென்னையிலே, வேட்டி உடுத்திருந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே கிரிக்கெட் கழகமொன்றினுள் அனுமதிக்கப்படவில்லை. அத்தகைய தடையைக் குற்றமாக்கத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே சட்டமியற்ற நேர்ந்தது. வேட்டியை இகழ்ந்தது வர்க்கச் செருக்கு. பாவாடையை இகழ்வது ஆண் செருக்கு. முன்னையதைக் கண்டு கொதித்தெழும் நாம் பின்னையதிற் பங்காளிகளாய் இருத்தல் நேர்மையாகாது.

'சோற்றுப் பிரச்சினை இருக்கத் துணிப் பிரச்சினை எதற்கு?' என்று கேட்கும் தோழரும் உளர். அவர்களது கேள்வி மதிப்புக்குரியது. ஆனால் இகழ்ச்சி என்பது மனத்தோடு நின்றுவிடும் பொருளன்று. அது கூலிப் பட்டியலிலும் எழுதப்படுகிறது. நமது தோட்டப் பகுதிகளிலே 1984 இற் சம கூலி நடைமுறைக்கு வரும்வரை, பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவிற் கூடை சுமந்து கொழுந்தெடுத்தவளின் உழைப்பு குறைவானது என எவ்வாறு நம்ப வைத்தனர்? பெண் குறைவானவள் என்பதை எல்லோரும் முன்னரே நம்பியிருந்தனர். கணக்கேட்டிலே அதனை எழுதுவது எளிதாயிற்று. அந்நம்பிக்கை துரைமாரின் மாளிகையில் மட்டும் விளைந்ததன்று. விளையாட்டாகச் சொல்லும் வசையிலும் வகுப்பறைச் சிரிப்பிலும் அது நாள்தோறும் நீர் பெறுகிறது.

எல்லா ஆடவரும் பாவாடை அணியவேண்டும் என்பது நம் வாதமன்று. அணிய விரும்புபவன் அணியட்டும், விரும்பாதவன் விடட்டும். போராட்டத்துக்காக அணிபவனுக்கும் வசதிக்காகவோ அழகுக்காகவோ அணிபவனுக்கும் தெருவில் அச்சமின்றி நடக்கும் உரிமை ஒன்றே. நாம் வேண்டுவது நமது நகைப்பை நாமே விசாரணை செய்தல். விழுந்து அழும் சிறுவனை 'பெண்பிள்ளை போல அழாதே' என்று தேற்றும் ஆசிரியர், அவனைத் தேற்றுகிறார் என்பது உண்மை. அதே வகுப்பின் மறுபக்க வாங்குகளில் அமர்ந்திருக்கும் சிறுமியர் அவ்வேளையிற் கற்றுக்கொள்ளும் பாடம் யாது? எந்தப் பாடநூலிலும் இல்லாத அப்பாடத்தை அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

பெண்ணைப் போலிருத்தல் இழிவு என்று எண்ணாத சமுதாயத்திலே, பாவாடை அணிந்த ஆடவன் நகைப்புக்குரியவனாக இரான். அத்தகைய சமுதாயத்தை அமைப்பது நெடும் பணி. ஆனால் நாளைக் காலை வகுப்பறைக்குள் நுழையும்போது, அவ்வசையை நம் நாவிலிருந்து நீக்கிவிடுவதற்கு எந்தச் சட்டமும் எந்தப் புரட்சியும் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.