நிழலும் பிறர் பொருளே

உலகைச் சுற்றிவரும் பயணிகள் நினைவுக்காக ஒளிப்படங்கள் எடுக்கின்றனர். இதில் பிழை உண்டோ?

ஜப்பானின் கியோட்டோ நகரில் கியோன் என்னும் பழம்பகுதி உள்ளது. அங்கே கெய்ஷா எனப்படும் கலைமகளிர் பணிக்குச் செல்கையில், பயணிகள் சிலர் வழிமறித்தும் ஆடையைப் பற்றியும் படமெடுத்தனர். ஆகவே 2019-இல் அங்குள்ள தனியார் சந்துகளில் படமெடுத்தல் தடுக்கப்பட்டது. மீறுவோர் 10,000 யென் செலுத்த வேண்டுமென்று பலகைகளும் வைக்கப்பட்டன.

“பொருள் எதையும் கவர்ந்திலேனே, நிழலைத்தானே கொண்டேன்” என்று பயணி கூறலாம். உண்மைதான், அப்பெண்ணின் பொருள் குறையவில்லை, அமைதி குறைந்தது. கொடாததைக் கொள்ளுதல் பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரிய குற்றமன்று.

ஆகவே, பிறர் முகத்தைப் படமெடுக்குமுன் இசைவு கேட்போமாக. மறுப்பாராயின் கருவியைத் தாழ்த்தி, வழிவிட்டு நிற்போமாக. படமின்றி இல்லம் திரும்பினும், அந்நினைவு நம் நெஞ்சை உறுத்தாது.