ஆறுதலும் வாய்மையும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையவை. 2001-இல் அவை மூடப்படும் வரை, பாறை வெடிப்பின் அபாயத்தை அறிந்தே தொழிலாளர்கள் அவற்றில் இறங்கினர். பாறையைச் சோதித்தவர் ‘பயமில்லை’ என்று கூறினால், அச்சொல்லை நம்பியே பணி செய்தனர். அஞ்சுபவனுக்குத் தைரியமூட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் மட்டும் அச்சொல்லைக் கூறலாமா? தொண்டு செய்வோர் அனைவரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

பிரிட்டனின் ஹீமோஃபிலியா சங்கம் 1950-இல் தோன்றியது. இரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறை உடையோருக்கு அது துணை நின்றது. அவர்களுக்கான மருந்து, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்துத் தயாரிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவருக்குத் தொற்று இருப்பினும் மருந்து முழுவதும் மாசுபடக்கூடும். 1982-இல் அமெரிக்காவில் ஹீமோஃபிலியா நோயாளிகள் மூவருக்கு எய்ட்ஸ் கண்ட செய்தி வெளியாயிற்று. கலங்கிய உறுப்பினர்களுக்கு, 1983 மே மாதம் சங்கம் தலைசிறந்த மருத்துவர் ஒருவரின் கடிதத்தை அனுப்பியது. ‘நம் நாட்டில் நிரூபிக்கப்பட்ட நோயாளி எவரும் இல்லை, அவசரப்பட வேண்டாம்’ என்பதே அதன் சாரம்.

அந்நாட்டில் இரத்தக் குறைபாடு உடையோருள் சுமார் 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மாண்டனர். கடிதத்திற்கு முன்பே தொற்றுற்றோரும் அவர்களுள் உண்டு. ஹெபடைடிஸ் தொற்றுக்கு ஆளானோரையும் இரத்தம் ஏற்றிக்கொண்டோரையும் சேர்த்தால், தொற்றுற்றோர் 30,000 பேருக்கும் மேல் என 2024-இல் விசாரணை அறிக்கை கூறிற்று.

சங்கம் பொய் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தினால் குழந்தைகள் இரத்தக் கசிவால் துன்புறுவர் என்ற கவலையும் நியாயமானதே. ஆயினும் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற சொல், அஞ்சியிருந்தோர் செவியில் ‘ஆபத்தில்லை’ என்றே ஒலித்தது. நன்மைக்காகப் பொய்ம்மையை ஏற்கும் வள்ளுவரும், அந்நன்மை குற்றமற்றதாய் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார். விளைவை அறியாதபோது, அந்த உறுதியை யார் தர இயலும்?

அச்சமூட்டும் உண்மையை எடுத்துரைப்பதும் தொண்டே. நம் நாட்டில் ‘காமன் காஸ்’ என்னும் பொதுநல அமைப்பு, இரத்த வங்கிகளின் சீர்கேட்டை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. 1996-இல் வந்த தீர்ப்பின் பயனாக, 1998 ஜனவரி முதல் பணத்திற்காக இரத்தம் தருவது தடைசெய்யப்பட்டது.

பிரிட்டன் சங்கமும் பின்னாளில் பாதிக்கப்பட்டோரின் நிவாரணத்திற்காகப் போராடியது. ஆகவே அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. துன்புறுவோர் நம்மை நம்பும்போது, நாம் அறிந்தது இது, அறியாதது இது என்று பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதன்பின் முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. அவ்வுரிமையை மதித்து அருகிலிருந்து தாங்குவதே உண்மையான கருணை.