வெட்டுப்புள்ளியும் வேண்டுதலும்

மானிடராய்ப் பிறந்தோர் யாவருக்கும் ஏதோ ஒன்றிற்காகக் காத்திருத்தல் விதிக்கப்பட்டதாகும். கமக்காரன் மழைக்குக் காத்திருக்கின்றான். கடலுக்குச் சென்றவனுக்காக அவன் மனைவி கரையிலே காத்திருக்கின்றாள். இவற்றுக்கு நிகராக இன்று கிராமந்தோறும் காணப்படும் காத்திருப்பு ஒன்றுண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு நகரத்துப் பெரிய பாடசாலையில் ஆறாம் தரத்திற்கு இடம் கிடைக்குமா, கிடையாதா என்று தாய் தந்தையர் நெஞ்சு பதைக்கக் காத்திருப்பதே அது.

இக்காலத்தில் ஆலயங்களில் அர்ச்சனைகள் கூடுகின்றன. பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் குருக்களிடம் சொல்லப்படுகின்றன. பிள்ளையாருக்குத் தேங்காய் அடிப்பதாகவும், முருகனுக்குக் காவடி எடுப்பதாகவும், அம்மனுக்குப் பொங்கல் பொங்குவதாகவும் நேர்த்திகள் வைக்கப்படுகின்றன. இங்ஙனம் வேண்டுவது முறைதானா? முறையெனின் எதனை வேண்டுவது முறை? வேண்டியது கிடையாதுபோயின் இறைவன் கைவிட்டுவிட்டான் என்று கொள்வதா? பக்தியும் பிள்ளைப் பாசமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் எழும் இவ்வினாக்கள் அமைதியாக இருந்து சிந்திக்கத் தக்கவை.

பரீட்சை வந்த வழி

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களே இதற்கு முன்நின்றவர். சிறுவயதில் புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் பயின்றவர் அவர். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்ற நோக்கில் 1940களில் மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அங்கே படிக்க வழிசெய்யவே புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. ஆகவே, பிறக்கும்போது இப்பரீட்சை ஓர் அறச்செயலாகவே பிறந்தது என்பதை மறந்துவிடலாகாது.

காலஞ் செல்லச் செல்ல அதன் முகம் மாறிற்று. வறிய பிள்ளையைத் தூக்கிவிட வந்த ஏணியில் யாவரும் ஏற முற்பட்டனர். மூன்றாம் தரத்திலேயே தனியார் வகுப்புக்கள் தொடங்குகின்றன. மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டில் சேர்கின்றன. கொப்பியும் பென்சிலும் வாங்கவே சிரமப்படும் வீட்டுப் பிள்ளையும், மூன்று ஆசிரியர்களிடம் தனித்தனியே படிக்கும் பிள்ளையும் ஒரே மண்டபத்தில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர்.

எனினும் பெற்றோரை மாத்திரம் குறைகூறுவதும் நீதியன்று. நல்ல ஆய்வுகூடமும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களும் எல்லாப் பாடசாலைகளிலும் ஒரே அளவாக இல்லை. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் சில நூறே. இதனோடு தமிழர் வரலாறும் சேர்ந்து நிற்கின்றது. 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தலின் வடுவும், அதன்பின் பல ஆண்டுகள் நீடித்த போரும் இடப்பெயர்வும், வீடு வளவு போனாலும் கையோடு கொண்டுபோகக்கூடிய சொத்து கல்வி ஒன்றே என்று இம்மக்களுக்குக் கற்பித்தன. 2009 ஓகஸ்டில் வவுனியாவின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்த பிள்ளைகளும் இப்பரீட்சைக்குத் தோற்றினர். கூடாரத்தில் இருந்த தாயொருத்தி தன் பிள்ளையின் பெறுபேற்றுக்குக் காத்திருந்ததைப் பேராசை என்று எவர் சொல்லத் துணிவர்? ஆசைக்குக் காரணம் உண்டு. அந்த ஆசை எவ்வழியே போகின்றது என்பதே கேள்வி.

வெட்டுப்புள்ளி என்பது யாது?

அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதும் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சையை எழுதி வருகின்றனர். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். பெரும்பாலான பிள்ளைகள் 70 புள்ளிகளைத் தாண்டிச் சித்தியடைகின்றனர். ஆனால் மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப விதிக்கப்படும் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர் அளவே. அதனைத் தாண்டியபின்னும் காத்திருப்பு முடிவதில்லை. பிரபல பாடசாலைகளுக்குரிய வெட்டுப்புள்ளிகள் பின்னர் தனியே வெளிவரும். அதன்பின் மேன்முறையீடு. 2024 செப்டெம்பர் 15 இல் நடைபெற்ற பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, பெறுபேறு 2025 ஜனவரியிலேயே கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றோரும் நான்கு மாதம் மனங் கலங்கி இருந்தனர்.

வெட்டுப்புள்ளி என்னும் கோடு எப்படி விழுகின்றது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. புள்ளிகள் கூடியதிலிருந்து குறைந்ததாக நிரற்படுத்தப்படுகின்றன. இடங்கள் நிரம்பியதும் பட்டியல் நிற்கின்றது. நின்ற இடமே கோடு. ஒரு வகுப்பறையில் மேலும் ஐந்து கதிரை மேசைகள் இருந்திருந்தால் கோடு கீழே இறங்கியிருக்கும். நேற்றுத் தவறிய பிள்ளை இன்று தேறிய பிள்ளையாகியிருக்கும். ஆகவே கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்பது பிள்ளையின் அறிவை அளந்த அளவன்று. கதிரைகளை எண்ணிய எண்ணிக்கையே. ஒரு பாடசாலையின் கதிரைக் கணக்கைத் தன் பிள்ளையின் தலையெழுத்தாக எண்ணி அழும் பெற்றோர், அலுவலகப் பட்டியலொன்றுக்குப் பிரமனின் எழுத்தாணியைக் கொடுத்துவிடுகின்றனர்.

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்தாம் தரப் புள்ளி பார்க்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே அங்கே பார்க்கப்படும். இப்பரீட்சைக்குப் பின்னும் பிள்ளைக்கு எட்டு ஆண்டுப் பாடசாலைப் படிப்பு மீதியுண்டு.

ஒரே கதிரை, இரண்டு அர்ச்சனை

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கொள்வோம். ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே ஆலயம், இரண்டு தாய்மார். இருவர் பிள்ளைகளும் ஒரே பாடசாலைக்கு விண்ணப்பித்துள்ளனர். மீதியாய் இருப்பது ஓர் இடம். இருவரும் அர்ச்சனை செய்கின்றனர். இருவர் கண்ணீரும் உண்மையானது. இறைவன் யார் பக்கம் நிற்பான்? கூடுதலான தேங்காய் அடித்தவர் பக்கமா? அப்படியாயின் அவன் இறைவன் அல்லன், கந்தோர் வாசலில் கையூட்டு வாங்கும் ஒருவனாகிவிடுவான். இல்லாதவன் அடிக்கும் ஒரு தேங்காய் இருப்பவன் அடிக்கும் நூற்றெட்டுக்கு ஈடாகாது என்று எந்தச் சைவனும் ஒப்பான்.

இன்னுமொன்று. பெற்றோர் மிகுதியாக வேண்டிக்கொள்வது பரீட்சைக்கு முன்னர் அன்று, பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன்னரே. அவ்வேளையில் பிள்ளை எழுதவேண்டியதை எழுதி முடித்துவிட்டது. விடைத்தாள் அதிகாரிகளின் பொறுப்பில் இருக்கின்றது. பிழையாக எழுதிய விடை வேண்டுதலால் சரியான விடையாக மாறப்போவதில்லை. அவ்வாறு மாறவேண்டும் என்று கேட்பதும் தர்மமன்று. ஏனெனில் ஒரு பிள்ளை தகாத வழியில் ஏறினால், முகந்தெரியாத இன்னொரு பிள்ளை இறங்கவேண்டும். அப்படியானால் அந்நாட்களில் செய்யும் பிரார்த்தனை வீணா? வீணன்று. விடைத்தாளை மாற்றாத பிரார்த்தனை, காத்திருப்பவரின் உள்ளத்தை மாற்ற வல்லது. வரும் பெறுபேறு எதுவாயினும் அதனை ஏற்று, பிள்ளையை அணைத்துக்கொள்ளும் திடத்தைத் தா என்று கேட்பவருக்கு அது கிடைக்கும். அங்ஙனம் கேட்பதில் அந்த இரண்டாவது தாயும் எதனையும் இழப்பதில்லை.

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்றொரு நிலையைக் கூறும். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் நிலை அது. பக்குவப்பட்ட ஆன்மாக்களுக்கே அது முழுமையாகக் கைகூடும். பெற்ற மனம் அப்படி இருக்குமா என்று கேட்கலாம். இராதுதான். ஆனால் முற்றத் துறந்த முனிவருக்குரிய நிலையை இல்லறத்தார் சில வாரங்களுக்காவது பழகிப் பார்ப்பதற்கு இக்காத்திருப்பைவிட வேறு நல்ல களம் ஏது?

கடமைக்கும் பற்றுக்கும் உள்ள எல்லையை அறிய ஒரு வழியுண்டு. பிள்ளைக்கு இடம் கிடையாதுபோனால் வரும் துக்கத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு நல்ல ஆய்வுகூடம் இல்லாது போயிற்றே என்ற துக்கம் எவ்வளவு? கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தொலைபேசியில் எத்தனை புள்ளி என்று கேட்போருக்கு என்ன சொல்வது என்ற துக்கம் எவ்வளவு? முன்னையது பிள்ளைக்குரியது. பின்னையது பெற்றோருக்குரியது. அதனைப் பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவது பாவமாகும்.

மாங்கனி சொல்லும் பாடம்

சிவபெருமான் திருக்கரத்தில் ஒரு மாங்கனி. எதிரே இரண்டு பிள்ளைகள். கனியைப் பகுத்துக் கொடுக்கலாகாது. உலகைச் சுற்றி முதலில் வருபவருக்கே அது உரியது. முருகப்பெருமான் மயிலேறிப் பறந்தார். விநாயகப்பெருமான் அம்மையப்பரே உலகம் என்று அவர்களை வலம் வந்து கனியைப் பெற்றார். இக்கதையைக் கேட்டு வளராத சைவப் பிள்ளை இல்லை. இன்றைய முதலாம் வினாத்தாள் சோதிக்கும் நுண்ணறிவு போன்றதே மூத்தவர் காட்டிய கெட்டித்தனம். இளையவர் காட்டியது வேகமும் வீரமும். அன்றைய போட்டி ஒருவகைத் திறமைக்கே பரிசளித்தது. அதனால் மற்றவர் திறமை இல்லாதவர் ஆகிவிடவில்லை. பின்னாளில் சூரனை வெல்ல வேண்டியிருந்தபோது அந்த வீரமே வேண்டப்பட்டது.

கதையின் பின்பகுதியை நின்று நினைப்பவர் குறைவு. கோபித்துக்கொண்டு குன்றிலே போய் நின்ற இளைய பிள்ளையிடம் அம்மையும் அப்பனும் என்ன சொன்னார்கள்? நீ ஏன் யோசிக்காமல் பறந்தாய் என்று கேட்கவில்லை. அண்ணனைப் பார் என்று சொல்லவுமில்லை. பழம் நீயே அல்லவா என்று சொல்லித் தேற்றினார்கள். அதனாலேயே அத்தலம் பழனி ஆயிற்று என்பர். உலகுக்கெல்லாம் தாய் தந்தையரானவர்களே தோற்ற பிள்ளையைத் தேடிச் சென்றிருக்க, மனிதப் பெற்றோர் பெறுபேற்று நாளன்று பிள்ளையோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது எவ்வகையில் பொருந்தும்?

செய்யத்தக்கன

பெறுபேறு கைத்தொலைபேசியில் வரும் இக்காலத்தில், திரையைப் பார்க்கும் தாயின் முகத்தையே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கின்றது. அந்த முகமே பிள்ளைக்கு முதற் பெறுபேறு. அதில் தெரியும் வாட்டத்தைப் பிள்ளை ஆயுள் முழுவதும் மறவாது.

இடம் கிடைத்தோர் அடக்கத்தோடு நன்றி செலுத்தட்டும். அயல் வீட்டில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கையில் வெடி கொளுத்துவது அழகன்று. வைத்த நேர்த்தியை நிறைவேற்றும்போது, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கொப்பிகளும் வாங்கிக் கொடுத்தால் அதனை இறைவன் உவந்தேற்பான் என்பதில் ஐயமில்லை. இடம் கிடையாதோர் பொய்ப் பத்திரத்தையும் செல்வாக்கையும் தேடி அலையாதிருத்தல் வேண்டும். பொய்யால் பெற்ற கதிரையில் இருத்திப் பிள்ளைக்கு மெய்யைக் கற்பிக்க முடியாது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் தரத்தில் சேர்வது தண்டனையன்று. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923 இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்களில் பாடசாலைகளை நிறுவி நடத்தியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பொறுப்பேற்ற பல பாடசாலைகள் இவ்வாறு சைவப் பெரியோர் காணியும் பணமும் உழைப்பும் கொடுத்து உண்டாக்கியவையே. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் நகரத்துக்குப் போனால் இங்கே பிள்ளைகளின் தொகை குறையும். தொகை குறைய ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைய எஞ்சிய பிள்ளைகளும் போவர். ஒரு நாள் மணி அடிக்க ஆளில்லாமற் போகும். நகரத்துக் கதிரைக்காக வேண்டிய ஊர், தன் பள்ளிக்கூடத்துக்காகவும் ஒரு முறை வேண்டிக்கொள்ளலாம். வேண்டிக்கொள்வதோடு நில்லாமல் அதன் கூரையையும் வாசிகசாலையையும் திருத்தலாம்.

ஆலயங்களுக்கும் இதில் பங்குண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரை மாத்திரம் மேடைக்கு அழைத்து மாலையிடுவதும் மலரிலே படம் போடுவதும் வழக்கமாகிவிட்டது. பாராட்டு வேண்டியதே. ஆனால் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அனைவரையும் ஒரு வெள்ளிக்கிழமை வரிசையாக நிறுத்தி, திருநீறும் பிரசாதமும் கொடுத்து, ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தால் செலவு பெரிதாகாது. சந்நிதியில் எவரும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பவர் அல்லர் என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர்.

அர்ச்சனையில் சங்கற்பம் செய்யும்போது குருக்கள் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கின்றார், புள்ளியைக் கேட்பதில்லை. பெறுபேற்றை நோக்கியிருக்கும் பெற்றோர் யாவருக்கும் மனச்சாந்தியையும், பிள்ளைகள் யாவருக்கும் நல்லறிவையும் நீண்ட ஆயுளையும் எல்லாம் வல்ல இறைவன் நல்கி அருள்பாலிப்பானாக.