விளக்கு நம்முடையது, புகை யாருடையது?

மின்வெட்டு வரும்போது தெருவில் ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு சற்று நேரம் மறைந்துவிடுகிறது. ஓட்டு வீட்டிலும் மாடி வீட்டிலும் ஒரே இருட்டு, ஒரே புழுக்கம். சில நிமிடங்களில் மாடி வீட்டின் பின்புறம் ஓர் இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. ஒளி அவ்வீட்டுச் சுவர்களுக்குள் நின்றுவிடுகிறது. உறுமலும் புகையும் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குச் செல்கின்றன. இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. நம் காசில் வாங்கிய ஒன்றை நம் எல்லைக்குள் வைத்து இயக்கும்போது, நாம் பிறருக்குக் கடன்பட்டவர்களா?

ஜெனரேட்டர் வைத்திருப்பதே தவறு என்பது இரக்கமற்ற பேச்சு. ஆக்சிஜன் கருவியின் துணையோடு மூச்சு விடும் முதியவர் உள்ள வீட்டில் மின்சாரமே உயிர். இன்சுலின் மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் காக்க வேண்டிய வீடுகளும் உண்டு. ஆகவே நம் சிந்தனை அளவையும் முறையையும் பற்றியதாக அமையட்டும்.

வாங்கும்போதே இச்சிந்தனை தொடங்க வேண்டும். தடையின்போது இயங்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி வாட் கணக்கைக் கூட்டினால், நம் தேவை நம் கண்முன் நிற்கும். நான்கு எல்.இ.டி. விளக்குகள், மூன்று மின்விசிறிகள், ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி ஆகியவை ஓடும்போது 500 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் மோட்டார் உள்ள பொருள்கள் புறப்படும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். அதற்காகச் சற்றுப் பெரிய இயந்திரம் தேவைதான். எனினும் 2 கே.வி.ஏ. போதுமான வீட்டில் குளிர்சாதனத்துக்காக 5 கே.வி.ஏ. வந்து நின்றால், தேவை வசதியாக மாறிவிட்டது என்று பொருள். அந்த வசதிக்காக எரியும் எண்ணெயின் புகையை அடுத்த வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது. மிகைக்கு வேறொரு விலையும் உண்டு. பெரிய டீசல் இயந்திரத்தைக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால், எரிபொருள் முழுதும் எரியாமல் கரி படிந்து இயந்திரமே கெடும்.

இயக்கும் முறையைப் பார்ப்போம். 2005 முதல் இந்தியாவில் செய்யப்படும், 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், ஒலியடக்கும் கூட்டிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாதென்பது சட்டம். சட்டம் இயந்திரத்தை அளக்கிறது. அதை அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னலடியில் நிறுத்துவதா, தள்ளி நிறுத்துவதா என்பது நம் மனச்சான்றுக்கு விடப்பட்டிருக்கிறது. புகையிலோ கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோவார். மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி இயந்திரத்தைக் கூடத்திலோ மாடிப்படியின் கீழோ வைத்து, சன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அது போதாது. நம் சன்னலுக்கும் அயலார் சன்னலுக்கும் எட்டத்தில், திறந்த வெளியில்தான் அதை இயக்க வேண்டும். அதற்கு இடமில்லாத மனையில் மின்கலத்தோடு கூடிய இன்வெர்ட்டரே ஏற்றது.

நம் கண்ணுக்குத் தெரியாத அயலார் ஒருவரும் இருக்கிறார். தடையை நீக்குவதற்காக, இருட்டில் எங்கோ கம்பத்தின்மீது ஏறியிருக்கும் மின்வாரியக் கம்பியாளர் அவர். சிறு செலவை மிச்சம் பிடிக்க, இருமுனையிலும் பிளக் பொருத்திய கம்பியால் ஜெனரேட்டரைச் சுவர்ச் சாக்கெட்டில் இணைத்து வீடு முழுவதும் விளக்கேற்றுவோர் உண்டு. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அம்மின்சாரம் தெருக்கம்பிக்குப் பாயும். 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைத்துத் தரும் மின்மாற்றி, எதிர்த்திசையில் வரும் 230 வோல்ட்டை மீண்டும் ஆயிரக்கணக்கில் உயர்த்தும். தெருவின் சுமை தாங்காமல் சிறிய ஜெனரேட்டர் நின்றுவிடுவதுண்டு; புயலில் கம்பி அறுந்து, சில வீடுகளே இணைப்பில் எஞ்சிய நாளில் அது நிற்காமலும் போகலாம். அந்த நாளில்தான் கம்பியாளர் மேலே இருக்கிறார்.

இதைத் தடுக்கவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறது. அதன் கைப்பிடி ஒருபுறம் மின்வாரியத்தோடும் மறுபுறம் ஜெனரேட்டரோடும் வீட்டை இணைக்கும். இரண்டையும் ஒருங்கே இணைக்க அதனால் இயலாது. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நம்புவோர் இந்த எளிய கருவியை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லெண்ணம் உள்ளவனும் இருட்டிலும் அவசரத்திலும் மறப்பான். முகமறியாத ஒருவரின் உயிரை நம் நினைவாற்றலை நம்பி விட்டுவைப்பதே ஒரு தீங்கு. நாம் மறந்தாலும் பிறர் பிழைக்கும்படி முன்னரே ஏற்பாடு செய்வதுதான் முதிர்ந்த அன்பு. அவ்வேலையைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் ஒப்படைப்பதும் அதில் அடங்கும்.

பழுது பார்த்தலும் இக்கடமையின் பகுதியே. அடைபட்ட காற்று வடிகட்டி கரும்புகையைக் கிளப்பும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சர் தெருவையே எழுப்பும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்து, உயிருக்குப் போராடும் இரவில் இயந்திரத்தைக் கைவிடச் செய்யும். மாதம் ஒருமுறை சிறிது சுமையோடு ஓட்டிப் பார்த்தல், எஞ்சின் ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றுதல், அணைத்து ஆறவிட்ட பிறகே எரிபொருள் ஊற்றுதல் ஆகியவை, தேவை வராத நாளில் தேவையை நினைக்கும் ஒழுக்கம்.

2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. காவிரிப் படுகையில் பல ஊர்கள் நாள்கணக்கில், சில வாரக்கணக்கில், இருட்டில் கிடந்தன. அங்கே வாடகை ஜெனரேட்டர்களைக் கொண்டு மேல்நிலைத் தொட்டிகளில் நீரேற்றி ஊரார் பகிர்ந்துகொண்டனர். மின்பாதையைச் சீரமைக்கப் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பணியாளர்கள் வந்தார்கள். தனி வீட்டின் வசதியாக நாம் அறிந்த இயந்திரம் அங்கே ஓர் ஊரின் தாகம் தீர்த்தது.

இறுதியாக ஒன்று. தன் வீட்டில் ஒளி வந்ததும், மின்வாரிய அலுவலகத்தில் முறையிடுவதை மறந்துவிடுவது மனித இயல்பு. செல்வாக்குள்ளவர்கள் அவ்வாறு மௌனமானால், பொது விளக்கு எரிய வேண்டும் என்று கேட்கும் குரல் மெலிந்துவிடும். ஆகவே ஜெனரேட்டர் வைத்திருப்பவர் முறையீட்டில் முதலில் நிற்க வேண்டும். அடுத்த வீட்டு அம்மாவிடம், "இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறோம், மருந்து ஏதேனும் குளிரில் வைக்க வேண்டுமானால் கொண்டுவாருங்கள்" என்று சொல்லவும் வேண்டும். அதற்கு எண்ணெய் ஒரு சொட்டும் கூடுதலாகச் செலவாகாது.