முற்றுகை நீங்கிய பின்

விவிலியத்தில் எரேமியா நூலை நாளுக்கோர் அதிகாரமாகப் பாராயணம் செய்யும் அன்பர்கள் 34-ஆம் அதிகாரத்தை எளிதில் கடந்து சென்றுவிடக்கூடும். கீழ்ப்படியாமை, அதன் விளைவாக நாடு கடத்தப்படுதல் என்னும் சொற்கள் அதற்குள் செவிக்குப் பழகிவிடுகின்றன. மக்கள் எதில் கீழ்ப்படியவில்லை என்று கேட்கத் தோன்றுவதில்லை. முந்தைய அதிகாரங்கள் பெரும்பாலும் அந்நிய தெய்வ வழிபாட்டையே கண்டிக்கின்றன. இந்த அதிகாரமோ வேறொரு குற்றத்தைச் சுட்டுகிறது.

யூதாவின் கடைசி அரசர் சிதேக்கியா. கி.மு. 597-இல் எருசலேமைப் பணியவைத்த பாபிலோனிய மன்னர் நேபுகாத்நேச்சாரே அவரை அரியணையில் அமர்த்தினார். பின்னர் அவர் கிளர்ச்சி செய்யவே, பாபிலோனியப் படை நகரை முற்றுகையிட்டது. எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்ய வேண்டும் என்பது மோசேயின் சட்டம். முன்னோர் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது அரசரும் பிரபுக்களும் ஆலயத்தில் கூடி, கன்று ஒன்றை இரண்டாகப் பிளந்து, அத்துண்டுகளுக்கு இடையே நடந்து, அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்தனர், விடுவிக்கவும் செய்தனர். பின்னர் அதே மனிதர்களை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர்!

இம்மனமாற்றத்தின் காரணம் 37-ஆம் அதிகாரத்தில்தான் தெளிவாகிறது. எகிப்தியப் படை புறப்பட்ட செய்தி கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினர். ஆபத்து அகன்றது, உடன்படிக்கையும் அகன்றது. நாளுக்கோர் அதிகாரம் படிப்பவர் இவ்விடத்தை அடைவதற்குள் மூன்று நாட்கள் கழிந்துவிடும். இரண்டையும் இணைத்துப் பார்ப்பது அரிது.

இடையிலுள்ள 35-ஆம் அதிகாரம் முந்தைய அரசர் ஒருவரின் காலத்தது. காலவரிசையை மீறி அது இங்கே வைக்கப்பட்டிருப்பது கருத்துடன் செய்யப்பட்டதாகவே தோன்றுகிறது. மது அருந்தாதே, வீடு கட்டாதே, கூடாரத்தில் வாழ் என்று தம் மூதாதை இட்ட கட்டளையைத் தலைமுறைகளாகக் காத்த ரேகாபியரின் வரலாறு அது. படையெடுப்புக்கு அஞ்சி அவர்களும் நகருக்குள் வந்துவிட்டனர். ஆயினும் ஆலயத்தில் எரேமியாவே திராட்சை மதுவை முன்வைத்து அருந்தச் சொன்னபோது மறுத்துவிட்டனர். அச்சம் அவர்களது இருப்பிடத்தை மாற்றியது, விரதத்தை மாற்றவில்லை.

அப்படியானால், அச்சத்தால் செய்த நன்மை பயனற்றது என்று கூறிவிடலாமா? தத்துவ வகுப்பில் அது எளிது. அச்சமோ தூய பக்தியோ, உடையவர் எந்த எண்ணத்தில் அனுப்பினாலும், விடுதலை பெற்று வெளியே சென்ற அடிமைப் பெண்ணுக்கு அந்தச் சில நாட்கள் உண்மையானவையே. நோக்கம் தூய்மை பெறட்டும், பிறகு கொடுக்கிறேன் என்று காத்திருப்பவனைவிட, நடுங்கியபடி கொடுத்தவன் மேலானவன் என்றே கருதுகிறேன். ஆனால் அச்சம் கொடுத்ததை அச்சம் நீங்கிய பின் நிலைநிறுத்துவது யார்? சாதனை தொடங்குவது அங்கேதான். நோயில் நேர்ந்துகொண்டதை நலம் பெற்றபின் மறப்பவர் யூதாவில் மட்டுமா இருந்தனர்!

எரேமியாவின் வாயிலாக வந்த தீர்ப்பு கசப்பானது. சகோதரனுக்கு நீங்கள் விடுதலை அறிவிக்காததால் உங்களுக்கும் ஒரு விடுதலை அறிவிக்கப்படுகிறது. அது வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடும் விடுதலை என்பது அதன் சாரம்.

பாபிலோனியர் திரும்பி வந்தனர். கி.மு. 587 அல்லது 586-இல் நகரம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. மூன்று தவணைகளில் நாடு கடத்தப்பட்டோர் 4,600 பேர் என்று கடைசி அதிகாரம் கணக்கிடுகிறது. ஆனால் 39-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உண்டு. ஏதுமற்ற ஏழைகளைப் பாபிலோனியப் படைத்தலைவர் நாட்டிலேயே விட்டு, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் அன்றே கொடுத்தார். மீண்டும் பிடிக்கப்பட்ட அந்த அடிமைகள் அவர்களுள் இருந்தார்களா என்பதை நூல் சொல்லவில்லை.